யூ-பூட்டில் டிவைஸ் ட்ரீ கோப்புகளைப் பராமரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூஎஸ்பி-யில் ஒரு விசைப்பலகையைச் செருகினால், தான் என்ன சாதனம் என்பதை அதுவே கணினியிடம் சொல்லிவிடும். சிங்கிள் போர்டு கணினிகளில் உள்ள ஆர்ம் சிப்பின் உட்பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி கிடையாது. சீரியல் போர்ட் எந்த முகவரியில் இருக்கிறது, எஸ்டி கார்டுக்கு எந்த ரெகுலேட்டர் மின்சாரம் தருகிறது, ஈதர்நெட் சிப் எந்தப் பின்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றையெல்லாம் யாராவது எழுதிவைத்தால்தான் மென்பொருளுக்குத் தெரியும். டிவைஸ் ட்ரீ கோப்பு அதற்காகவே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலும், அதை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடர் நிரலான யூ-பூட்டும் ஒரே போர்டைப் பற்றிய ஒரே விவரணையைப் படிக்கின்றன. ஆனால் அந்த விவரணை நீண்ட காலம் இரண்டு இடங்களில் தனித்தனிப் பிரதிகளாக வாழ்ந்துவந்தது. நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரட்டை வாழ்க்கையிலிருந்து வருபவை.

முதல் தவறு, யூ-பூட்டில் இருக்கும் பிரதியை நம்முடையதாக நினைத்து அதிலேயே திருத்தம் செய்வது. ஒரு எல்இடி-யின் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்) எண்ணையோ ஒரு மின்னழுத்த அளவையோ மாற்றிவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்த முறை கெர்னலிலிருந்து கோப்பை ஒத்திசைப்பவர் அந்தத் திருத்தத்தை அறியாமலே அழித்துவிடுவார், அல்லது அழிக்க அஞ்சி ஒத்திசைவையே தள்ளிப்போடுவார். இரண்டாவது நிலை இன்னும் மோசமானது, ஏனெனில் பழைய பிரதி அப்படியே உறைந்துபோகும்.

உறைந்த பிரதியால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் நடந்ததைப் பார்க்கலாம். ஆர்ஜிஎம்ஐஐ என்னும் கிகாபிட் இணைப்பில், கடிகாரச் சைகை தரவுச் சைகையைவிட ஏறத்தாழ 2 நானோநொடி தாமதமாக வர வேண்டும். அந்தத் தாமதத்தை பிஹெச்ஒய் (கேபிளோடு நேரடியாக இணையும் ஈதர்நெட் சிப்) சேர்க்க வேண்டுமா என்பதை டிவைஸ் ட்ரீயின் பிஹெச்ஒய்-மோட் வரி சொல்கிறது. ரியல்டெக் ஆர்டிஎல்8211ஈ என்னும் பிஹெச்ஒய் சிப்புக்கான கெர்னல் டிரைவர் அந்த ஆண்டு திருத்தப்பட்டு, அந்த வரியை முதன்முறையாக உள்ளபடியே மதிக்கத் தொடங்கியது. அதுவரை வெறும் ஆர்ஜிஎம்ஐஐ (பிஹெச்ஒய் தாமதம் சேர்க்க வேண்டாம்) என்று தவறாக எழுதப்பட்டிருந்தும், சிப்பின் கால்களில் பொருத்தப்பட்ட மின்தடைகளின் தயவால் ஓடிக்கொண்டிருந்த, ஆல்வின்னர் சிப் கொண்ட போர்டுகள் பலவற்றில் நெட்வொர்க் நின்றுபோனது. அவற்றில் ஒன்றான பைன் ஏ64 பிளஸ் போர்டின் வரி ஆர்ஜிஎம்ஐஐ-டிஎக்ஸ்ஐடி (அனுப்பும் பக்கத் தாமதத்தை மட்டும் பிஹெச்ஒய் சேர்க்கட்டும்) எனத் திருத்தப்பட்டது. கெர்னலில் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் யூ-பூட்டின் பழைய பிரதியையே கெர்னலுக்குக் கொடுத்து பூட் செய்யும் ஒருவருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. கேபிள் இணைந்திருப்பதாகக் காட்டும், ஆனால் பாக்கெட் எதுவும் வராது; அவர் டிரைவரிலும் கேபிளிலும் ரூட்டரிலும் குற்றம் தேடிக்கொண்டிருப்பார்.

இதற்கான சரியான வழி இப்போது யூ-பூட்டிலேயே இருக்கிறது. 2024.07 வெளியீட்டிலிருந்து, கெர்னலின் டிவைஸ் ட்ரீ கோப்புகள் முழுவதும் டிடிஎஸ்/அப்ஸ்ட்ரீம் என்ற அடைவில் ஒத்திசைக்கப்படுகின்றன. போர்டின் பில்டு அமைப்புகள் இருக்கும் டெஃப்கான்ஃபிக் கோப்பில் ஓஎஃப்_அப்ஸ்ட்ரீம் தேர்வை இயக்கினால் அங்கிருந்தே கோப்பு எடுத்துக்கொள்ளப்படும். மாறும்போது கோப்பின் பெயருக்கு முன்னால் நிறுவன அடைவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்லாஜிக் போர்டாக இருந்தால் பெயர் 'அம்லாஜிக்/' என்று தொடங்க வேண்டும். டிடிஎஸ்/அப்ஸ்ட்ரீம் அடைவுக்குள் யாரும் கைவைக்கக் கூடாது. திருத்தம் தேவையென்றால் அதை முதலில் கெர்னலுக்கு அனுப்பி, அங்கே ஏற்கப்பட்ட பிறகு, ஒத்திசைப்பு ஸ்கிரிப்டின் பிக் கட்டளையால் கொண்டுவர வேண்டும். இது மெதுவான வழிதான். ஆனால் போர்டைப் பற்றிய ஓர் உண்மை ஒரே இடத்தில் இருப்பதற்கு அந்தக் காத்திருப்பு தகும் என்பதே என் உறுதியான கருத்து.

யூ-பூட்டுக்கு மட்டுமே தேவையானவை '-யூ-பூட்.டிடிஎஸ்ஐ' என்று முடியும் தனிக் கோப்பில் இருக்க வேண்டும். பெயர் பொருந்தினால் பில்டு அமைப்பு அதைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். இந்தச் சிறிய கோப்பிலும் சிக்கலான தவறு ஒன்று நேர்கிறது. கெர்னல் கோப்பில் உள்ள ஒரு நோடுக்கு (ஒரு சாதனத்தை விவரிக்கும் பகுதிக்கு) பண்பு சேர்க்கும்போது, அதற்கு இடப்பட்ட சுருக்கப் பெயரான லேபிளைக் குறிப்பிடாமல் நோடின் முழுப் பெயரையே எழுதிவிடுகிறார்கள். ஆர்கே3399 சிப்பின் எஸ்டி கார்டு நோடு முன்பு டிடபிள்யூஎம்எம்சி என்று தொடங்கும் பெயரோடு இருந்தது. பின்னர் கெர்னலில் அது எம்எம்சி என்று தொடங்குமாறு மாற்றப்பட்டது, ஆனால் எஸ்டிஎம்எம்சி என்ற லேபிள் மாறவில்லை. பழைய முழுப் பெயரை எழுதியிருந்தால், கம்பைலர் அதைப் புதிய நோடு என்று எடுத்துக்கொண்டு, எவருக்கும் பயன்படாத ஓர் அநாதை நோடை உருவாக்கிவிட்டு, பிழை சொல்லாமல் பில்டை முடித்துவிடும். லேபிளால் குறிப்பிட்டால் அது தொடர்ந்து வேலை செய்யும். ஒருவேளை லேபிளே காணாமல் போனாலும் பில்டு அங்கேயே நிற்கும். சத்தம் போட்டு நிற்கும் பிழையே பராமரிப்பவருக்கு நல்லது.

அடுத்தது, ஒரு நோடு பூட்டின் எந்தக் கட்டத்தில் தேவை என்று சொல்லும் பூட்பிஹெச் குறிகள். யூ-பூட்டில் முதலில் ஓடும் சிறிய பகுதியான எஸ்பிஎல், சிப்புக்குள் இருக்கும் சிறிய நினைவகத்தில் அடங்க வேண்டியிருக்கும். ஆர்கே3399-இல், சிப்புக்குள்ளேயே பதிக்கப்பட்ட பூட் ரோம் முதல் நிரலை ஏற்றும் எஸ்ராம் நினைவகத்தின் அளவு 192 கிலோபைட்தான். அதனால் பில்டின்போது, பூட்பிஹெச்-ப்ரீ-ராம் அல்லது பூட்பிஹெச்-ஆல் போன்ற குறி இல்லாத நோடுகள் எஸ்பிஎல்-க்கான ட்ரீயிலிருந்து வெட்டப்படுகின்றன. சீரியல் போர்ட் நோடுக்குக் குறி இட்டுவிட்டு, அது சார்ந்திருக்கும் பின் குழுவையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டால், போர்டு ஒரு எழுத்துகூட அச்சிடாமல் நின்றுவிடும். அச்சத்தில் எல்லா நோடுகளுக்கும் பூட்பிஹெச்-ஆல் இடுவதும் தவறு; அது அளவைப் பெருக்கும், தேவையில்லாத டிரைவர்களையும் முன்கூட்டியே எழுப்பும். குறி சரியாக இருந்தும் பண்பு காணாமல் போவதுண்டு, ஏனெனில் எஸ்பிஎல்-இல் நீக்க வேண்டிய பண்புகளைச் சொல்லும் ஓஎஃப்_எஸ்பிஎல்_ரிமூவ்_ப்ராப்ஸ் பட்டியலில், பின் அமைப்புக்கான பின்கண்ட்ரோல் பண்புகளும் இடம்பெற்றிருந்தால் அவை தனியாக நீக்கப்படும். ஊகிப்பதை விட்டுவிட்டு, பில்டு அடைவில் இருக்கும் எஸ்பிஎல்-இன் டிடிபி கோப்பை (கம்பைல் செய்யப்பட்ட டிவைஸ் ட்ரீயை) டிடிசி என்னும் டிவைஸ் ட்ரீ கம்பைலர் கருவியால் மீண்டும் உரையாக மாற்றிப் படித்துவிட வேண்டும். உண்மையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஒரே குடும்பத்துப் போர்டுகளுக்கு ஒரே கோப்பு போதும் என்று நினைப்பதும் கூடாது. பைன் ஏ64-இல் 100 மெகாபிட் ஈதர்நெட், பிளஸ்ஸில் கிகாபிட். பொதுவானவை அடிப்படைக் கோப்பிலும் வேறுபடுபவை மட்டும் தனிக் கோப்பிலும் இருக்க வேண்டும்.

கடைசியாக, கெர்னலுக்கு எந்த ட்ரீ போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலே சோதிப்பது. ராஸ்பெரி பையின் யூ-பூட், ஃபர்ம்வேர் கொடுக்கும் ட்ரீயையே பயன்படுத்தும் விதத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது, கான்ஃபிக்.டிஎக்ஸ்டி-யில் எழுதிய ஓவர்லேக்கள் (ட்ரீயின் மேல் சேர்க்கப்படும் கூடுதல் துண்டுகள்) அந்த ட்ரீயில்தான் சேர்ந்திருக்கும். பூட் ஸ்கிரிப்ட் அதை விட்டுவிட்டு எஸ்டி கார்டிலிருந்து வேறொரு டிடிபி-யை ஏற்றினால், அந்த ஓவர்லேக்கள் எச்சரிக்கை ஏதுமின்றி மறைந்துவிடும். எந்தப் போர்டானாலும், யூ-பூட் ப்ராம்ப்டில் எஃப்டிடி ப்ரிண்ட் கட்டளையின் வெளியீட்டையும், லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ராக் அடைவின் கீழ் தெரியும் டிவைஸ் ட்ரீயையும் எடுத்து ஒப்பிட்ட பிறகே திருத்தத்தை அனுப்ப வேண்டும். எந்த ட்ரீயை வைத்துச் சோதித்தோம் என்பதையும் கமிட் செய்தியில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும்.