பிர்ச் இலைக்கொத்தைப் பனிக்காலத்துக்கு எடுத்துவைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பின்லாந்தில் கோடைக்காலச் சவுனா, அதாவது சூடேற்றிய கற்களில் நீரூற்றி எழும் நீராவியில் எடுக்கும் குளியல், என்றால் கையில் ஓர் இலைக்கொத்து இருக்கும். நாட்டின் மேற்கே அதற்கு விஹ்தா என்று பெயர், கிழக்கே வாஸ்தா. பிர்ச் மரத்தின் வளார்களை அரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடியில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். நீராவியில் உட்கார்ந்து அதால் தோளிலும் முதுகிலும் தட்டிக்கொண்டால் சூடு உடம்பில் நன்றாக இறங்கும். அறை முழுக்கப் பச்சிலை வாசம் பரவும். சவுனா ஆண்டு முழுவதும் உண்டு, பிர்ச் இலையோ கோடையில் மட்டும்தான். அதனால் சேமிக்கிறார்கள். ஆனால் ஜனவரியில் வெளியே எடுத்தால் பலருக்கு வெறும் குச்சிகள்தான் மிஞ்சுகின்றன.

முதல் தவறு வெட்டும் நாளிலேயே நடந்துவிடுகிறது. ஜூன் தொடக்கத்து இலை மிக இளசு, காம்பில் நிற்காது. ஆகஸ்டு கடந்தால் முற்றி உதிரத் தொடங்கும். ஜூன் கடைசியில் வரும் யுஹான்னுஸ் திருநாளை ஒட்டிய சில வாரங்கள்தான் சரியான பருவம். உலர்த்தப் போகிறீர்கள் என்றால் மழை விட்ட கையோடு வெட்டாதீர்கள். ஈர இலைகள் கட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போகும். இன்னொன்று: பின்லாந்துக் காடுகளில் யாரும் பெர்ரியும் காளானும் பறிக்கலாம், ஆனால் நிற்கும் மரத்தில் கிளை ஒடிக்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

அடுத்தது, வெயிலில் காயவைப்பது. சீக்கிரம் காயும்தான். ஆனால் இலை வெளுத்து, தொட்டால் நொறுங்கும், வாசமும் போய்விடும். துளசியை நிழலில் உலர்த்துகிறோமே, அதே காரணம்தான் இங்கும். இருட்டான, காற்றோடும் பரண் நல்ல இடம். அந்தக் காலத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி, பரணில் ஒரு கழியின் இருபுறமும் தொங்கவிடுவார்கள். சுவரோடு ஒட்டாமல், ஒன்றின்மேல் ஒன்று சாயாமல் தொங்கினால் போதும். சவுனாவின் உடைமாற்றும் அறையில் அழகுக்காக மாட்டிவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஈரக் காற்று பட்டு அது மெல்லப் பூஞ்சை பிடிக்கும்.

ஃப்ரீசரில் வைப்பவர்கள் செய்யும் தவறு நேர் எதிரானது. உலர்த்துவதற்குப் பொறுமை வேண்டும், உறையவைப்பதற்கு வேகம் வேண்டும். ஒரு நாள் வெளியே கிடந்து வாடிய கொத்தை உறையவைத்தால் வாடிய கொத்துதான் திரும்பக் கிடைக்கும். வெட்டிக் கட்டியதும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டி உள்ளே வையுங்கள். இலை வளைந்து மடங்காத அளவுக்குப் பை பெரிதாக இருக்கட்டும். உறைந்த இலை கண்ணாடி மாதிரி. மேலே மீன் பொட்டலத்தை வைத்தாலோ பையைத் தட்டினாலோ உடைந்துவிடும். என்னைக் கேட்டால் இடம் இருப்பவர்களுக்கு இந்த முறைதான் மேல். பச்சை நிறமும் வாசமும் இப்படித்தான் அதிகம் நிற்கின்றன. ஃப்ரீசர் இல்லாத காலத்தில் வாளியில் கல்லுப்பைத் தூவி அடுக்கடுக்காக வைத்து, மேலே பாரம் ஏற்றிக் குளிரில் வைக்கும் வழக்கமும் இருந்தது. அதைப் பயன்படுத்தும் முன் உப்புப் போக நன்றாக அலச வேண்டும்.

இவ்வளவு கவனமாக வைத்ததையும் கடைசிப் பத்து நிமிடத்தில் கெடுத்துவிடலாம். காய்ந்த கொத்தின்மேல் கொதிநீரை நேரே ஊற்றினால் இலை வெந்து காம்பிலிருந்து கழன்றுவிடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் முழுக ஊறவிடுங்கள். இலை வளையத் தொடங்கியதும் கொஞ்சம் சூடான நீர் சேர்க்கலாம். உறைந்ததை உதறிப் பிரிக்காமல் அப்படியே நீரில் இறக்கினால் தானாக விரியும். சூடேறிய கற்களின்மேல் காய்ந்த கொத்தை ஒருபோதும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஊறிய நீரைக் கற்களில் ஊற்ற விரும்பினால் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லையென்றால் இலைத்துணுக்குகள் கருகி நாறும்.

ஒருமுறை தட்டிக்கொண்ட கொத்தை மறுபடி ஃப்ரீசரில் வைப்பவர்களும் உண்டு. சூட்டில் வெந்த இலை இரண்டாம் முறை தாங்காது. பயன்படுத்தியதை உரக்குழியில் போட்டுவிட்டு, அடுத்த சவுனாவுக்குப் புதுப்பையைப் பிரியுங்கள்.