இமோஜியில் 'இமோஷன்' இல்லை

இமோஜி என்பது 'இமோஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் குழந்தை என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். சிரித்த முகமும் அழுத முகமுமாக இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மொஜி' என்றால் எழுத்து. பட எழுத்து, அவ்வளவுதான். உணர்ச்சிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இப்படி ஒலியை நம்பி ஏமாறுவது ஒரு தவறு. ஆங்கிலம் தரும் பொருளை அப்படியே வாங்கிக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. சுஷி என்றதும் பச்சை மீன் என்று முகம் சுளிக்கிறோம். சுஷிக்கு உயிர் சோறுதான். காடி கலந்து பிசறிய சோறு. அந்தப் பெயரே 'புளிப்பு' என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. வெள்ளரிக்காயை மட்டும் வைத்துச் சுருட்டினாலும் சுஷிதான். சோறில்லாமல் பச்சை மீனை மட்டும் சீவி வைத்தால் அது சஷிமி. சாக்கேயும் இப்படித்தான்: ஆங்கிலத்தில் அது அரிசி மது, ஜப்பானில் எல்லா மதுவுக்கும் பொதுப்பெயர். அரிசி மதுவுக்கு அங்கே 'நிஹோன்ஷு' என்று தனிப்பெயர் உண்டு.

சுனாமியை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'த்சு' துறைமுகம், 'நமி' அலை. நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அந்த அலை தெரிவதேயில்லை. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் எழும்புகிறது. துறைமுகத்தின் பெயர் அதற்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் வெகுகாலம் இதை ஓத அலை என்றே அழைத்து வந்தார்கள். ஓதம் நிலவும் சூரியனும் இழுப்பதால் வருவது. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் வருவது.

எனக்கு மிகவும் பிடித்த தவறு ஹைக்கூவில் இருக்கிறது. 5-7-5 அசைகள் என்று ஆங்கிலப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். ஜப்பானியர் எண்ணுவது அசையை அல்ல. ஏறக்குறைய நம் மாத்திரையை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. டோக்கியோ ஆங்கிலக் காதுக்கு மூன்று அசை. ஜப்பானியருக்கோ 'தோ'வும் நெடில், 'க்யோ'வும் நெடில், ஆக நான்கு. தொல்காப்பியம் படித்தவருக்கு இது உடனே பிடிபட்டுவிடும். ஒரே வேறுபாடு, நாம் அரை மாத்திரை கொடுக்கும் 'ன்' போன்ற ஒற்றுக்கு அவர்கள் தாராளமாக ஒரு முழு எண்ணிக்கை கொடுக்கிறார்கள்.

ரிக்‌ஷாவை இந்திச் சொல் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் முழுப்பெயர் ஜின்ரிகிஷா: மனிதன், விசை, வண்டி. ஆங்கிலத்தின் வாயில் 'ஜின்' உதிர்ந்தது, மனிதன் போனான். பிறகு முன்னால் சைக்கிள் வந்து ஒட்டிக்கொண்டது, அடுத்து ஆட்டோ. இப்போது தெருமுனையில் நின்று 'ஆட்டோ!' என்று மட்டும் கைதட்டுகிறோம். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை.