ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் மரத்த விரல்களும்

கர்ப்பத்தின் ஏழாம் மாதம். நள்ளிரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து எரியும், உதறினால் அடங்கும். மூத்த பிள்ளை தூங்கியபின் ஆய்வேடு தட்டச்சு செய்வதால்தான் என்று விசைப்பலகையை மாற்றினேன், நாற்காலியை உயர்த்தினேன். நாலு நாள் வீண்.

துப்பு சுண்டுவிரலில் இருந்தது: அது மட்டும் மரக்கவே இல்லை. அதற்குப் போவது வேறு நரம்பு. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோத்து, மணிக்கட்டின் குறுகலான பாதையில், மரத்த மூன்று விரல்களுக்கும் போகும் நடு நரம்பு நசுங்குகிறது; தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் இன்னும் இறுகும். மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் கட்டினேன். இறுக்கக் கூடாது, ஒரு விரல் நுழைய வேண்டும். ஐந்தாம் இரவு அப்பாடா, முழுத் தூக்கம்.

பகலில் பத்திகளைக் குரல்வழித் தட்டச்சில் சொல்லி, சமன்பாடுகளை மட்டும் கையால் அடித்தேன்.