அந்த ஊர் சாப்பாட்டுக்கு அந்த ஊர் ஒயின்

இத்தாலியின் டூரின் நகரில் நான் முதலில் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா, ஒரு நவம்பர் ராத்திரி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் ஆளுக்கொரு சின்ன மண்சட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மெழுகுவர்த்தி. சட்டிக்குள் ஆலிவ் எண்ணெய், அதில் கரைந்துபோன உப்பு நெத்திலி, அப்புறம் பூண்டு. ஆளுக்கு நாலு பல் இல்லை, ஒரு முழுப் பூண்டு. டூரின் இருக்கும் பீட்மாண்ட் பகுதியின் குளிர்காலச் சாப்பாடு இது. பெயர் பான்யா காவுதா. பச்சைக் குடமிளகாய், முட்டைக்கோஸ், கார்தோ என்கிற வெளுத்த தண்டு, எல்லாவற்றையும் அந்தச் சூட்டில் முக்கி முக்கிச் சாப்பிட வேண்டும். பத்து நிமிடத்தில் வாயெல்லாம் எண்ணெய், நாக்கு மரத்துவிட்டது. அப்போது அவர் ஊற்றிக் கொடுத்த பார்பெரா என்ற சிவப்பு ஒயினை ஒரு வாய் குடித்தேன். தனியாகக் குடித்திருந்தால் "என்ன இப்படிப் புளிக்கிறது" என்று கிளாஸைத் தள்ளி வைத்திருப்பேன். அந்த நேரத்தில் அது சாப்பாட்டுக்கு நடுவே வந்த ரசம் மாதிரி இருந்தது. வாய் கழுவிவிட்டது போலாகி, மறுபடி பசித்தது. கடைசியில் சட்டியில் மிஞ்சிய எண்ணெயில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, அதையும் வழித்துச் சாப்பிட்டோம்.

இது 2011-இல், நான் படிக்க வந்த வருடம். அன்றைக்குப் பிறகு "எந்த ஒயின் நல்லது?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. "இன்றைக்கு என்ன சமையல், அந்தச் சமையல் எந்த ஊருடையது?" என்று கேட்பேன். இத்தாலிய ஒயினைப் பழக நினைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட திராட்சை வகைகளில் ஒயின் போடுகிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர்கள் எதோடு எதைக் குடிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பல தலைமுறையாக ஒரே மேசையில் இருந்து ஒன்றுக்கொன்று பழகிய ஜோடிகள் அவை.

அதற்கு முன்னால் நாக்கைத் தயார் செய்ய வேண்டும். ஒயின் பாட்டிலின் பின்பக்கம் செர்ரி, வயலட் பூ, தோல், தார் என்று வாசனைகளை அடுக்கியிருப்பார்கள். ஆரம்பத்தில் அதையெல்லாம் விட்டுவிடுங்கள். மூன்றே மூன்றைக் கவனியுங்கள்: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு. நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. துவர்ப்பு என்ற சொல் சின்ன வயதிலேயே நம் வாயில் இருக்கிறது. வாழைப்பூவும் நாவல்பழமும் கொட்டைப்பாக்கும் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டன. சிவப்பு ஒயினில் டானின் என்று சொல்வது அதைத்தான். புளிப்பு வந்தால் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறும். துவர்ப்பு வந்தால் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் காய்ந்து இழுக்கும். புதிதாகக் குடிப்பவர்கள் இரண்டையும் சேர்த்து "கசக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒயினே வேண்டாம். பால் சேர்க்காமல் கட்டன் டீ போட்டு, டீத்தூளை எடுக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு வாய் குடியுங்கள், வாய் சுருங்கும். இப்போது ஒரு துண்டு சீஸைத் தின்றுவிட்டு மறுபடி குடியுங்கள். அந்தச் சுருக்கம் பாதியாகக் குறைந்திருக்கும். சீஸில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. டீயில் பால் ஊற்றும்போது நடப்பதும் இதேதான். துவர்ப்பான சிவப்பு ஒயினைக் கறியோடும் முதிர்ந்த சீஸோடும் குடிப்பதன் காரணம் இந்த ஒரு கிளாஸ் டீயில் புரிந்துவிடும்.

துவர்ப்பின் உச்சம் வேண்டுமென்றால் நான் இருக்கும் பீட்மாண்டிலேயே இருக்கிறது. நெப்பியோலோ என்ற திராட்சை. ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் விளைகிறது. பரோலோ, பார்பரெஸ்கோ இரண்டும் இதில் செய்தவைதான். பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் என்பது சட்டம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், அதில் மரத்தில் 9. கிளாஸில் ஊற்றினால் நிறம் வெளிறி, செங்கல் ஓரம் தட்டித் தெரியும்; லேசான ஒயின் போலிருக்கிறதே என்று நினைத்துக் குடித்தால் ஈறைப் பிடித்து இழுக்கும்.

என் முதல் சம்பளத்தில் ஒரு பரோலோ வாங்கினேன். நண்பர்களைக் கூப்பிட்டு, மிளகும் வரமிளகாயும் தாராளமாக அரைத்துப் போட்ட கோழி வறுவலோடு திறந்தேன். எனக்குப் பிடித்த சாப்பாடு, கையில் இருப்பது பெரிய ஒயின், சேர்ந்தால் பிரமாதமாக இருக்கும் என்று நம்பினேன். வாய் எரிந்தது. ஒயின் கசந்தது, காரம் இரண்டு மடங்கானது. 14 சதவீத ஆல்கஹாலும் அத்தனை டானினும் மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் பாட்டிலில் மிஞ்சியிருந்ததைக் காஸ்தெல்மான்யோ சீஸோடு குடித்தேன். அது மலைக்கிராமத்துச் சீஸ், பொலபொலவென்று உதிரும். நேற்றைய அதே ஒயினா என்று பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காரச் சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைவாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும் ஒயினைத் தேடுங்கள். பரோலோவை மாட்டிறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீட்மாண்டில் இறைச்சியை அதே ஒயினில் ஊறவைத்து, மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைக்கும் பிரசாதோ என்ற சாப்பாடு உண்டு. அதற்குப் பரோலோவை விட்டால் வேறு துணை எனக்குத் தெரியாது.

ஆனால் லாங்கேக்காரர்கள் தினமும் பரோலோ குடிப்பதில்லை. வார நாட்களில் மதியச் சாப்பாட்டு மேசையில் டொல்செட்டோ இருக்கும். பெயருக்கு 'குட்டி இனிப்பு' என்று பொருள், ஒயினில் இனிப்பே கிடையாது. புளிப்பு குறைவு, மென்மையானது. முட்டை மஞ்சள் கருவை அள்ளிப் போட்டுப் பிசைந்த தாயாரின் என்ற மெல்லிய நூடுல்ஸுக்கு அது நன்றாகப் பொருந்தும். பரோலோ வாங்கப் பணம் போதவில்லை என்றால் லாங்கே நெப்பியோலோ என்று எழுதிய பாட்டிலை எடுங்கள். அதே திராட்சைதான், இளசாகக் கிடைக்கும், விலை பாதிக்கும் கீழே இருக்கும். நான் அதிகம் வாங்குவது அதுவும் பார்பெராவும்தான்.

நேரில் போக நினைத்தால் டூரினிலிருந்து பிரா வழியாக ஆல்பாவுக்கு ரயிலில் போய்விடலாம். காரில் போகாதீர்கள். இத்தாலியில் ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். குன்றுச் சாலைகளோ வளைந்து வளைந்து போகின்றன. பார்பரெஸ்கோ கிராமத்தில், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தை ஒயின் கூடமாக்கியிருக்கிறார்கள். ஊரின் பல உற்பத்தியாளர்களுடைய ஒயினையும் அங்கே கிளாஸ் கணக்கில் வாங்கிச் சுவைக்கலாம். எந்த வீட்டு ஒயின் பிடிக்கிறது என்று அங்கே முடிவு செய்துகொண்டு, அப்புறம் அந்த உற்பத்தியாளருக்கு மின்னஞ்சல் எழுதி நேரம் கேளுங்கள். சொல்லாமல் போய் நிற்கக் கூடாது, அதிலும் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை நடக்கும். சுவைத்துவிட்டு அதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிளம்பும்போது இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது மரியாதை.

இத்தாலியில் வேறொரு பகுதிக்குப் போக ஒரே ஒரு முறை வாய்ப்பு கிடைத்தால் மோதெனாவைச் சொல்வேன். அங்கே லம்ப்ருஸ்கோ. சிவப்பு ஒயின்தான், ஆனால் ஊற்றினால் ஊதா நுரை பொங்கும். ஒரு காலத்தில் அதன் இனிப்பு வகையை நிறைய ஏற்றுமதி செய்ததால் வெளியூரில் பலர் அதை ஜூஸ் போல நினைக்கிறார்கள். 'செக்கோ' என்று பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். இனிப்பில்லாதது என்று அர்த்தம். உடன் ஞோக்கோ ஃப்ரித்தோ வரும். சதுரமாக வெட்டிய மாவைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். நம் பூரி மாதிரியே உப்பி வரும். சூடு ஆறுவதற்குள் அதைக் கிழித்து, நடுவில் மோர்த்தடெல்லா என்ற பன்றி இறைச்சியில் ஒரு துண்டு வைத்தால் கொழுப்பு உருகி மாவோடு ஒட்டும். கொழுப்பு மேல் கொழுப்பு, தனியாகச் சாப்பிட்டால் நாலாவதில் திகட்டிவிடும். குளிர்ந்த லம்ப்ருஸ்கோவின் புளிப்பும் குமிழியும் ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வந்து துடைத்துவிட்டுப் போகும். எத்தனை தின்றேன் என்று எண்ணவில்லை. சொர்பாரா என்ற வகை வெளிறிய நிறம், நல்ல புளிப்பு. கிராஸ்பரோஸா கருஞ்சிவப்பு, துவர்ப்பும் உண்டு. பொரித்ததற்கு எனக்கு சொர்பாராதான்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிகுரியாவில் கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுடும் ஃபரினாத்தா இருக்கிறது; வெர்மெந்தினோ என்ற வெள்ளை ஒயினோடு சாப்பிடுங்கள், சைவர்களுக்கு இதைவிட எளிய தொடக்கம் கிடையாது. டஸ்கனியில் தீயில் வாட்டிய பெரிய மாட்டிறைச்சித் துண்டுக்குக் கியாந்தி கிளாசிகோ. பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் படம் இருக்கும். அதில் பெரும்பங்கு சான்ஜோவேசே திராட்சை. அதற்கு நல்ல புளிப்பு உண்டு, அதனால் தக்காளிச் சாஸ் எதற்கும் ஒத்துப்போகும். தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்காத ஒயின் சப்பென்று ஆகிவிடும். சிசிலியில் கத்தரிக்காயை வறுத்துத் தக்காளியோடு சேர்த்த பாஸ்தா அல்லா நோர்மாவுக்கு, எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே. வெனிஸில் பாகரோ எனப்படும் சின்னக் கடைகளில் நின்றுகொண்டே 'ஓம்ப்ரா' என்று கேட்டால் சின்னக் கிளாஸ் ஒயின் தருவார்கள். தட்டில் அடுக்கியிருக்கும் தின்பண்டங்களில் விரல் நீட்டியதை எடுத்துக் கொடுப்பார்கள்.

பாட்டிலில் என்ன படிக்க வேண்டும்? ஊர்ப் பெயர், வருடம், ஆல்கஹால் சதவீதம். கழுத்தில் எண் அச்சிட்ட அரசுப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1963-இல் தொடங்கிய தரச்சட்டத்தின் மேல்படியான டி.ஓ.சி.ஜி. ஒயின் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். 'கிளாசிகோ' என்றால் அந்த ஒயினின் பழைய, அசல் நிலப்பகுதி. 'ரிசெர்வா' என்றால் கூடுதல் காலம் முதிர்ந்தது. ஒரு பெயரில் மட்டும் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மொந்தேபுல்சானோ தபுருட்சோவில் மொந்தேபுல்சானோ என்பது திராட்சையின் பெயர். வீனோ நோபிலே தி மொந்தேபுல்சானோவில் அது டஸ்கனியில் உள்ள ஒரு ஊரின் பெயர், திராட்சையோ சான்ஜோவேசே. ஒன்றை நினைத்து மற்றதை வாங்கிவிடாதீர்கள்.

உணவகத்தில் தயங்காமல் 'வீட்டு ஒயின்', அதாவது அந்த உணவகம் வழக்கமாக வைத்திருக்கும் ஒயின், கேளுங்கள். கால் லிட்டர், அரை லிட்டர் ஜாடியில் வரும், பெரும்பாலும் பக்கத்து ஊர்ச் சரக்காக இருக்கும். பாட்டில் வாங்கினால் முதலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவார்கள். அது நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கிறதா என்று பார்க்கத்தான். கார்க் கெட்டால் அந்த வாசம் வரும். ஒரு பெரிய நகரத்து உணவகத்தில் எனக்கு அப்படி வந்தது. சொன்னேன், பரிமாறியவர் ஒத்துக்கொள்ளவில்லை, "இந்த ஒயின் அப்படித்தான்" என்றார். நான் பேசாமல் குடித்துப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன், இன்னும் உறுத்துகிறது. நீங்கள் அப்படி விடாதீர்கள். "சா தி தாப்போ" என்று சொன்னால் போதும், நல்ல இடத்தில் வேறு பாட்டில் வந்துவிடும்.

சூட்டையும் கவனியுங்கள். வெயில்காலத்து அறைச் சூட்டில் வைத்த சிவப்பு ஒயினில் ஆல்கஹால்தான் தூக்கலாகத் தெரியும். குடிப்பதற்கு முன் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நெப்பியோலோவுக்கு 16 முதல் 18 டிகிரி, பார்பெரா கொஞ்சம் குறைவு, லம்ப்ருஸ்கோ இன்னும் குளிர்ச்சி. வெள்ளை ஒயினை மட்டும் பனிக்கட்டி போல ஆக்கிவிட வேண்டாம், 10 டிகிரி சுமாருக்கு இருந்தால்தான் ருசி தெரியும்.

விருந்தின் முடிவுக்கு மொஸ்காட்டோ தாஸ்தி என்ற குமிழியுள்ள இனிப்பு ஒயினை வைத்திருங்கள். பார்பெராவும் விளையும் ஆஸ்தி என்ற ஊர்ப் பக்கத்தது, ஆல்கஹால் 5 சதவீதம் அளவுக்குத்தான். அதிகம் குடித்துப் பழகாத என் அம்மா இங்கே வந்தபோது விரும்பிக் கேட்டது இது ஒன்றைத்தான். லாங்கேயின் ஹேசல்நட் பருப்பை அரைத்துச் செய்த கேக்கோடு கொடுங்கள். இனிப்புப் பலகாரத்தைவிட ஒயின் ஒரு படி இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். அந்தக் கேக்கில் சர்க்கரை அடக்கமாக இருப்பதால் கணக்கு சரியாக வரும். அந்த வருடத்துப் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள், திறந்த அன்றைக்கே முடித்துவிடுங்கள். மறுநாள் குமிழி இருக்காது.