ஆட்டிசம் துறையில் பி.எட்., எம்.எட். படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறப்புக் கல்வி படிக்க வருபவர்கள் பலர் சறுக்குவது சேர்க்கையிலேயே. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் என்பது மட்டும் போதாது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம், கல்லூரி, படிப்பு, கல்வியாண்டு மூன்றையும் பார்த்தே தரப்படுகிறது. பணம் கட்டுவதற்கு முன் மூன்றும் ஆர்.சி.ஐ.யின் அங்கீகாரப் பட்டியலில் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் படிப்பு முடிந்தபின் சி.ஆர்.ஆர். எனப்படும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு எண் கிடைக்காது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம். சில மாதத்தில் முடியும் 'ஆட்டிசம் தெரபி' சான்றிதழ்கள் இந்தப் பதிவுக்கு உதவாது. பொது பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு சிறப்புக் கல்வி எம்.எட்.டில் சேர முடியாது என்பதும் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

அடுத்தது மதிப்பீடு. ஐ.எஸ்.ஏ.ஏ. எனப்படும் ஆட்டிசம் மதிப்பீட்டுக்கான இந்திய அளவுகோலில் 40 கூறுகள். 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம் என்று கணக்கு. அது மாற்றுத்திறன் சான்றிதழுக்கு. நாளை காலை பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது என்பதற்கு அதில் விடை இல்லை. அதற்குப் பிள்ளைக்கு என்னென்ன செய்ய வருகிறது என்று குறிக்கும், சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) போன்ற பட்டியல் வேண்டும்: 18 துறைகள், துறைக்கு 20 கூறுகள். அதை அம்மாவிடம் கேட்டே நிரப்பிவிடுவது பெரிய தவறு. வீட்டில் சட்டையை மாட்டிவிடுவதே அம்மா என்றால், பிள்ளைக்கு அது வருமா வராதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. கேளுங்கள், கூடவே செய்யச் சொல்லியும் பாருங்கள்.

பயிற்சி ஏடுகளில் அதிகம் பிழைபடுவது இலக்கு எழுதுவதுதான். "கை கழுவக் கற்றுக்கொள்வான்" என்பதை அளக்க வழியில்லை. செயலைப் பிரியுங்கள்: குழாயைத் திறப்பது, நனைப்பது, சோப்பு எடுப்பது, உள்ளங்கை தேய்ப்பது, புறங்கை தேய்ப்பது, அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது. மூன்று நாள் எந்த உதவியும் செய்யாமல் பார்த்து, தானாக வரும் படிகளைக் குறியுங்கள். இரண்டுதான் வருகிறது என்றால் இலக்கு இப்படி வரும்: "மதியச் சாப்பாட்டுக்கு முன், ஒருமுறை சொன்னதும், 8 படிகளில் 6ஐ உதவியின்றி, தொடர்ந்து 3 நாள் செய்வான்."

கற்பிக்கும்போது "சோப்பு எடு", "தேய்" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். பிள்ளை சோப்பைப் பார்ப்பதை விட்டு உங்கள் குரலுக்காகக் காத்திருக்கப் பழகிவிடும்; பேச்சு உதவியைப் பிறகு விலக்குவது கடினம். பின்னால் நின்று கையைப் பிடித்துச் செய்யவைத்து, பிடியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பின்வாங்குங்கள். கையைப் பிடிப்பதைப் பிள்ளை எதிர்த்தால் வற்புறுத்தாமல் நீங்கள் செய்துகாட்டுங்கள்.

நடத்தைச் சிக்கலில், காரணம் தேடாமல் தீர்வு தேடுகிறார்கள். பயிற்சித்தாளை வைத்ததும் தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளையை மூலையில் உட்காரவைத்தால், பிடிக்காத தாளிலிருந்து அது தப்பித்துவிடுகிறது. அடுத்த முறை அடி கூடும். முன்னே என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னே என்ன கிடைத்தது என்று ஒரு வாரமாவது எழுதுங்கள். அதற்கும் முன், காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் உண்டா என்று மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு வலியைச் சொல்ல வேறு வழியில்லாமல் இருக்கலாம்.

ஆய்வேட்டுக்கு நூறு பேரிடம் வினாத்தாள் கொடுப்பதைவிட, மூன்று பிள்ளைகளிடம் ஒழுங்காகச் செய்யும் தனிநபர் ஆய்வு வகுப்பறைக்கு அதிகம் பயன்படும் என்பது எங்கள் கருத்து. அதில் மூவருக்கும் ஒரே நாளில் கற்பித்தலைத் தொடங்கினால் ஆய்வு வீண். முன்னேற்றம் உங்கள் முறையாலா, பள்ளியில் அன்று வந்த வேறு மாற்றத்தாலா என்று சொல்ல முடியாது. கற்பிக்கத் தொடங்கும் முன் இருக்கும் நிலையை ஒவ்வொருவருக்கும் ஐந்து அமர்வாவது அளந்து, அது நிலைத்தபின், ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குங்கள். பெற்றோரின் எழுத்து ஒப்புதலில் வீடியோவுக்குத் தனி வரி இருக்கட்டும். அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகவே கூடாது.