பென்டிரைவ்ல போற டேட்டாபேஸுக்கு மேக்ரோ எழுத பேசிக்கா பைத்தானா?

லிப்ரே ஆஃபீஸோட டேட்டாபேஸ் புரோகிராமான பேஸ்ல ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர் பண்ணி வெச்சிருக்கீங்க, பட்டன் அமுக்குனா பில் வரணும், அதுக்கான மேக்ரோவை (அந்த வேலையை தானா செய்யற குட்டி புரோகிராம்) எதுல எழுதுறதுன்னு கேட்டா பத்துல எட்டு பேர் பைத்தான்னு தான் சொல்லுவாங்க. நானும் அதைத்தான் நம்பி எழுதினேன். வீட்ல ஜோரா ஓடுச்சு, ஓடிபி ஃபைலை (.odb, பேஸோட டேட்டாபேஸ் ஃபைல்) பென்டிரைவ்ல போட்டு கடைக்கு கொண்டுபோய் பட்டனை அமுக்குனா ஸ்கிரிப்ட் காணோம்னு எரர். ஏன்னா பைத்தான் ஃபைல் வீட்டு சிஸ்டத்துல யூசர் ஃபோல்டர்லயே உக்காந்திருக்கு.

அதனால முதல்ல பாக்க வேண்டியது கோட், அந்த ஓடிபி ஃபைலோட சேர்ந்து வருமான்னு தான். பேசிக்ல இது ஈஸி, எடிட்டர் உள்ளயே இருக்கு, மாட்யூல் உருவாக்கும்போது "மை மேக்ரோஸ்" கீழ போடாம உங்க ஓடிபி பேருக்கு கீழ போட்டா போதும். பைத்தானையும் உள்ள வெக்கலாம், ஓடிபிங்கறதே ஒரு ஜிப் ஃபைல் தான், பைத்தான் மேக்ரோக்களை நிர்வகிக்கற ஏப்சோ (APSO) எக்ஸ்டென்ஷன் போட்டுக்கிட்டா ஜிப்பை பிரிச்சு மல்லுக்கட்ட வேண்டாம். பீன்ஷெல், ஜாவாஸ்கிரிப்ட்ங்கற மொழிகளும் மேக்ரோ லிஸ்ட்ல காட்டும், புதுசா ஆரம்பிக்கிறவங்க அதை விட்ருங்க. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல எழுதின விபிஏ (அதோட பேசிக் மொழி) கோடை அப்படியே ஒட்டுனாலும் ஓடாது, பேர் தான் ஒண்ணு போல, உள்ள ஆப்ஜெக்ட் எல்லாம் வேற.

என் கணக்குல ஃபார்ம், பட்டன், ரிப்போர்ட் வரைக்கும் பேசிக் தான். சப்ளையர் அனுப்புற சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டு பிரிச்ச பட்டியல்) பிரிச்சு மேயணும், பழைய லிஸ்ட்டோட ஒப்பிடணும்னா மட்டும் பைத்தான், அங்க பேசிக்ல எழுதினா கண்ணு பிதுங்கிடும். உபுண்டுல பைத்தான் மேக்ரோ ஓட தனியா ஒரு பேக்கேஜ் போட வேண்டி வரலாம், அதையும் பாத்துக்கோங்க.

எதுல எழுதினாலும் ஈ டிரைவ்னு பாதையை கோட்ல எழுதிடாதீங்க, அடுத்த சிஸ்டத்துல அதுவே எஃப் ஆகிடும், டாக்குமென்ட்டோட யூஆர்எல்லை கேட்டு அதுல இருந்து பாதையை எடுங்க. கஸ்டமர் பேரை எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற க்வெரி மொழி) நேரா ஒட்டாம ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (க்வெரில இடம் விட்டு மதிப்பை தனியா குடுக்கற முறை) யூஸ் பண்ணுங்க, டி'சோசான்னு ஒருத்தர் வந்தா அந்த ஒத்தை மேற்கோள்லயே க்வெரி படுத்துடும்.

புது சிஸ்டத்துல மேக்ரோ செக்யூரிட்டி "ஹை"ல தான் இருக்கும், ஓடலன்னா கோடை நோண்டறதுக்கு முன்னாடி அதை பாருங்க. பேஸ் உள்ளயே வர்ற ஹெச்எஸ்க்யூஎல்டிபிங்கற (HSQLDB) டேட்டாபேஸ் இன்ஜினுக்கு ஜாவாவும் வேணும். இன்னொன்னு, அது டேட்டாவை ஓடிபிக்குள்ள திரும்ப எழுதுறது சேவ் பண்ணி மூடும்போது தான், அதனால பேஸை மூடாம பென்டிரைவை உருவிடாதீங்க.