கடைக்குப் போகும் முன் காலை அளந்துகொள்ளுங்கள்: வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கான கதிரை

விசுவமடுவில் இருக்கும் என் பெறாமகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துவிட்டு, கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். வேலை தொடங்கி மூன்றாம் மாதம் நான் போனபோது, பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அவற்றின் விளிம்பில் குந்தியபடி மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். குதிக்கால் இரண்டும் அந்தரத்தில் நின்றன. முகம் திரைக்குள் புகுந்துவிடுவதுபோல் முன்னால் நீண்டிருந்தது.

"சித்தப்பா, பின்னேரமானால் தொடை விறைத்துப்போகிறது. நல்ல கதிரை ஒன்று வாங்க வேண்டும். எது நல்லது?" என்று கேட்டாள்.

உன் காலை அளக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றேன். சில வருடங்களுக்கு முன் நான் அளக்காமல்தான் வாங்கினேன். கடையில் பெரிதாக, கறுப்பாக, பஞ்சு புடைத்து நின்ற மனேஜர் கதிரை அது. உட்கார்ந்தால் முழங்காலின் பின்புறம் இருக்கையின் விளிம்பில் இடிக்கும். அதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. இரண்டாவது மாரியோடு ரெக்சின் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டத் தொடங்கியது. அந்தப் பணம் எனக்கு இரண்டு மாதச் சேமிப்பு. அதே இழப்பு அவளுக்கு வரக்கூடாது என்று ஒவ்வொரு படியாகச் செய்தோம். அந்த ஒழுங்கையே இங்கே தருகிறேன்.

முதற்படி: உடம்பில் மூன்று அளவுகள்

தையல் நாடா ஒன்றும் உதவிக்கு ஒருவரும் போதும். பலகை வாங்கு அல்லது முக்காலி போன்ற, அமுங்காத ஒன்றில் நிமிர்ந்து உட்காருங்கள். தொடை தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை காலடியில் புத்தகங்களை வையுங்கள். வெறுங்காலோடு அளக்க வேண்டும். வெளிநாட்டு அளவு அட்டவணைகள் பல, சப்பாத்துக்கென்று இரண்டு மூன்று சென்ரிமீட்டரைக் கூட்டியே எழுதப்பட்டவை. நாங்கள் வீட்டுக்குள் செருப்புக்கூடப் போடுவதில்லை. அந்த இரண்டு மூன்று சென்ரிமீட்டர்தான் கால் தரையில் பதிவதற்கும் தொங்குவதற்கும் இடையிலான தூரம்.

ஒன்று, உள்ளங்காலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இரண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து அதே பின்மடிப்பு வரை. மூன்று, தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்கி, உட்காரும் பலகையிலிருந்து முழங்கையின் அடி வரை.

பெறாமகள் ஐந்தடி ஓர் அங்குல உயரம். அவளுக்கு 38, 44, 22 சென்ரிமீட்டர் வந்தன. கொப்பியின் பின்மட்டையில் எழுதிக்கொண்டோம். இனி எல்லாமே இந்த மூன்று எண்களிலிருந்துதான் வருகின்றன.

இரண்டாம் படி: மேசையைப் பாருங்கள்

தட்டச்சு செய்யும்போது முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு 38 உடன் 22ஐக் கூட்டினால் 60 சென்ரிமீட்டர். அவளுடைய மேசையோ தகப்பன் முதிரைப் பலகையில் செய்வித்த சாப்பாட்டு மேசை. அதன் உயரம் 75. கடைகளில் விற்கும் மேசைகளும் பெரும்பாலும் இதே உயரந்தான். 15 சென்ரிமீட்டர் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எத்தனை விலையுள்ள கதிரை வாங்கினாலும் தோள் காதுவரை ஏறித்தான் நிற்கும். அவள் தலையணை அடுக்கியதற்குக் காரணமும் இதுவே. மேசைக்கு எட்டுவதற்காக ஏறினாள். ஏறியதால் கால் தொங்கியது. கால் தொங்கியதால் தொடையின் அடி நசுங்கி விறைத்தது. நோவு கதிரையில் தெரிந்தாலும் அதன் தொடக்கம் மேசையில் இருந்தது.

எங்கள் ஊரில் இதற்கு நல்ல வழி உண்டு. தச்சரைக் கூப்பிட்டு மேசைக்காலைக் குறைக்கலாம். நான்கு காலிலும் 8 சென்ரிமீட்டர் வெட்டுவித்தோம்; மேசை 67க்கு வந்தது. கதிரையின் இருக்கை 45இல் நின்றால் முழங்கை சரியாக 67. காலுக்கு மிச்சமிருக்கும் 7 சென்ரிமீட்டருக்கு ஒரு பலகைத் துண்டு. வெட்ட மனமில்லாதவர்கள் இருக்கையை உயர்த்தி, காலடியில் அதற்கேற்ற உயரமான பலகை வைக்கலாம். நாலங்குலச் சீமெந்துக் கல்லைக் கிடையாக வைத்து மேலே சாக்கு விரித்தாலும் 10 சென்ரிமீட்டர் கிடைத்துவிடும். கால் தொங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று: மடிக்கணினியை மேசையில் அப்படியே வைத்து வேலை செய்தால் கழுத்து குனிந்தே இருக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி அதைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள். கதிரைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இதற்கு எடுப்பதென்றாலும் தயங்க வேண்டாம்.

மூன்றாம் படி: இருக்கை

அளவுகளோடு இப்போது கதிரையைத் தேடலாம். முதலில் கேட்க வேண்டியது, இருக்கை எவ்வளவு கீழே இறங்கும் என்பது. பல கதிரைகள் 42 முதல் 45 சென்ரிமீட்டருக்குக் கீழே போவதில்லை. உயரமானவருக்கு அது பிரச்சினை இல்லை. எங்கள் பெண்களில் பலருக்குக் காற்பலகை இல்லாமல் முடியாது.

அடுத்தது ஆழம். விற்பனையாளர் யாரும் இதைச் சொல்வதில்லை. நான் பணத்தை இழந்ததும் இதில்தான். இரண்டாவது அளவிலிருந்து 5 சென்ரிமீட்டரைக் கழியுங்கள். அவளுக்கு 39. இருக்கையின் முன் விளிம்பிலிருந்து சாய்மானம் வரை அதற்கு மேல் போகக்கூடாது. கடையில் நாடா இல்லாவிட்டால், முதுகை முழுதாகச் சாய்த்து உட்கார்ந்து, முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல்களை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் சரி. இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி சில கதிரைகளில் உண்டு. ஒரே கதிரையில் இருவர் மாறிமாறி வேலை செய்யும் வீட்டுக்கு அது மிக நல்லது. விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தால் தொடை நசுங்காது.

நான்காம் படி: முதுகும் கையும்

1960களில் தொடங்கி, சுவீடன் நாட்டு முதுகெலும்பு மருத்துவர் அல்ஃப் நக்கெம்சன், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அமுக்கத்தை நேரடியாக அளந்தார். உட்கார்ந்து முன்னால் குனியும்போது அமுக்கம் கூடியது. சாய்மானத்தில் பின்னால் சாயும்போது குறைந்தது. "நிமிர்ந்து உட்கார்" என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியதை விட, 100 முதல் 110 பாகை வரை சற்றுச் சாய்ந்து, முதுகு தாங்கப்பட்டபடி இருப்பது நல்லது.

தாங்க வேண்டிய இடம் எது? இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பெருவிரல்களைப் பின்னால் கொண்டுபோனால் அவை ஒரு குழிவில் சந்திக்கும். கதிரைச் சாய்மானத்தில் உள்ள புடைப்பு அந்தக் குழிவில் பொருந்த வேண்டும். அது மேலே விலாவில் இடித்தாலோ கீழே இடுப்பெலும்பைத் தள்ளினாலோ பயனில்லை. ஆகையால் புடைப்பை உயர்த்தி இறக்கக்கூடிய கதிரையையே தேடுங்கள்.

கைபிடி மேசைக்கு அடியில் போக வேண்டும். போகாவிட்டால் கதிரையை அருகில் இழுக்க முடியாது, பிறகு குனிவீர்கள். உயரம் மாற்றக்கூடிய கைபிடி நல்லது. மாற்ற முடியாமல் உயரமாக நிற்பதைவிட, கைபிடியே இல்லாத கதிரை மேல். தலைச்சாய்மானம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஐந்தாம் படி: எங்கள் வெயிலும் புழுதியும்

சோளகக் காற்றுக் காலத்தில் பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரெக்சின் வியர்வையை விடாது. போலித் தோல் எங்கள் வெக்கையிலும் மாரி ஈரத்திலும் உரிந்துவிடும். கடைக்காரர்கள் மெஷ் என்று சொல்லும் வலைத்துணியில் காற்று ஊடாடும். ஹேர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரோன் கதிரை 1994இல் வந்த பிறகே இந்த வலை முதுகு உலகெங்கும் பரவியது. நாங்கள் வாங்குவது அந்த விலைக் கதிரை இல்லை. ஆனால் வலை என்ற எண்ணம் எங்கள் காலநிலைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. முதுகு வலையாகவும் இருக்கை அடர்ந்த பஞ்சும் துணியுமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மலிவான வலை இருக்கை சில மாதங்களில் தொட்டில்போல் தொய்ந்துவிடலாம். பஞ்சைப் பெருவிரலால் ஆழ அமுக்குங்கள். அடிப்பலகை விரலில் தட்டினால் அதை விட்டுவிடுங்கள்.

அடிப்பாகத்தில் ஐந்து கால்கள் இருக்க வேண்டும். நான்கு கால் உருளும் கதிரை பக்கவாட்டில் சாய்ந்தால் கவிழக்கூடும். கதிரையை ஏற்றி இறக்கும் காஸ் லிப்ட் தரம் 4 என்று குறிக்கப்பட்டிருந்தால் நல்லது. சில்லையும் பாருங்கள். கடினமான நைலோன் சில்லு கம்பள விரிப்புக்கு ஏற்றது. எங்கள் சீமெந்துத் தரையிலும் மாபிள் தரையிலும் அது வழுக்கி ஓடும். மேலே மென்மையான இறப்பர் பூச்சு உள்ள சில்லே பொருந்தும். கிரவல் வீதியோரத்து வீடென்றால் சில்லில் மணலும் தலைமயிரும் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். சால் அணிபவர்கள் அதன் நுனி சில்லுக்குள் போகாதபடி முடிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: கடையில்

கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போனோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கதிரையை மிக உயரத்துக்கு ஏற்றி, பத்து நிமிடம் அப்படியே இருந்து, கீழே இறங்குகிறதா என்று பார்த்தோம். இரண்டாவது கதிரையில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. காஸ் லிப்ட் கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். மொத்தம் இருபது நிமிடமாவது உட்காருங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாக் கதிரையும் சுகமாகத்தான் இருக்கும். யாராவது முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டாம். அதில் எட்டு மணி நேரம் இருக்கப்போவது நீங்கள்.

காஸ் லிப்டும் சில்லும் பழுதானால் தனியாகக் கிடைக்குமா, உத்தரவாதம் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். இணையத்தில் வாங்குவதாயின், படத்தை நம்பாமல் இருக்கையின் மிகக் குறைந்த உயரத்தையும் ஆழத்தையும் எண்ணில் கேளுங்கள். எண் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

போரில் காயப்பட்டவர்களுக்கு

வன்னியில் இதை எழுதும்போது இவர்களை விட்டுவிட முடியாது. செயற்கைக் கால் பொருத்தியவர் எழும்பும்போது இரண்டு கையாலும் ஊன்றித்தான் எழும்புவார். அவருக்கு ஆடாத, உறுதியான கைபிடி கட்டாயம் வேண்டும். சில்லு ஆபத்து, அதைக் கழற்றி, உருளாத அடிக்கட்டை போடலாம். இருக்கை சற்று உயரமாக இருந்தால் எழும்புவது எளிது. முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வு குறைந்தவருக்கு அழுத்தப் புண் வரும் அபாயம் இருக்கிறது. அவருக்குச் சாதாரண அலுவலகக் கதிரையை யாரும் தெரிவுசெய்துவிடக் கூடாது. முதலில் வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் காட்டி, எப்படிப்பட்ட மெத்தை வேண்டும் என்று கேளுங்கள்.

இப்போது வாங்க முடியாவிட்டால்

உறுதியான மரக் கதிரை பிளாஸ்டிக் கதிரையை விட மேல். பிளாஸ்டிக் கதிரையின் இருக்கை பின்பக்கம் சரிந்து இடுப்பை உள்ளே இழுக்கும். மரக் கதிரையில் மெல்லிய, இறுகிய மெத்தை ஒன்றைப் போட்டு, துவாயைச் சுருட்டி இடுப்புக் குழிவில் கட்டி, காற்பலகையும் வைத்தால் பாதிப் பயன் கிடைத்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை எழும்பி முற்றம்வரை நடந்துவிட்டு வாருங்கள். எந்தக் கதிரையும் இதற்கு ஈடாகாது.

பெறாமகளின் கதிரை பெட்டிக்குள் பஸ்ஸின் பின்பக்கத்தில் வந்தது. எல் வடிவச் சாவியால் அவளே பொருத்தினாள். முதலில் எல்லா ஆணிகளையும் பாதி இறுக்கி, கதிரையைச் சமதரையில் நிறுத்திவிட்டு, பிறகு முழுதாக இறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கோணாது. முதல் ஒரு வாரம் புதிய நிலைக்குப் பழகாத தசை சற்று நோகலாம். இரண்டு வாரம் தாண்டியும் நோவு இருந்தாலோ, கால் விறைப்பு ஏற்பட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து ஆணிகளை இன்னொருமுறை இறுக்கி, இருக்கையின் உயரத்தை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். அவளுடையது 45இலேயே நிற்கிறது.